விழித்திருத்தலின் வரலாறு

கரிசல் காட்டில் கம்பும் சோளமும் பால்பிடிக்கும் பருவத்தில் பரண் கட்டிக் காவல் இருப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். பறவைக் கூட்டம் இறங்கும்போது கவண் வீசுவது எளிது. ஒரு சிறகும் அசையாத நண்பகலில் கண்ணயராதிருப்பதே கடினம். இன்று கயத்தாற்றைச் சூழ்ந்து நிற்கும் காற்றாலைகளைக் காண்போர்க்கு இவ்வுண்மை வேறொரு வடிவில் விளங்கும். உச்சியிலுள்ள திசைகாட்டி காற்றின் போக்கை உணர்த்த, காற்றாலை தன் முகத்தைத் தானே திருப்பிக்கொள்கிறது. காற்று அளவு மீறினால் தானே நின்றுவிடுகிறது. மனிதனுக்கு எஞ்சியது கண்காணிப்பு ஒன்றே. இந்தக் காவற்பணி உயிர்களைப் பணயமாக வைத்து நடைபெறும் இடம் விமானியின் அறையாகும். அங்கு அது வளர்ந்த வரலாறு நூறாண்டைக் கடந்தது.

1914 ஜூன் 18ஆம் நாள் பாரிஸ் நகருக்கு அருகே, சீன் ஆற்றின்மேல் லாரன்ஸ் ஸ்பெரி என்னும் 21 வயது அமெரிக்க இளைஞர் ஒரு விமானத்தைச் செலுத்தி வந்தார். கரையில் நின்ற நடுவர்களும் மக்களும் வியக்கும்படி இரு கைகளையும் உயர்த்திக் காட்டினார். உடன் வந்த இயந்திரப் பணியாளர் இறக்கையின்மீது நடந்து சென்றார். ஒருபுறம் பாரம் கூடியும் விமானம் சாயவில்லை. ஜைரோஸ்கோப் எனும் சுழல் சக்கரங்கள் சாய்வை உணர்ந்து அதனைச் சரிசெய்தன. ஆட்டோ பைலட் எனப்படும் தானியங்கி விமானி உலகறியப் பிறந்த நாள் அதுவே.

1933இல் வைலி போஸ்ட் என்பவர் இக்கருவியின் துணைகொண்டு, ஏழு நாள் 18 மணி 49 நிமிடத்தில் தன்னந்தனியாக உலகை வலம் வந்தார். கருவி விமானத்தைச் செலுத்தியது. விமானிக்கோ உறக்கம் பகையாயிற்று. ஒரு ஸ்பானரைக் கயிற்றால் விரலில் பிணைத்துக் கையில் பற்றியிருந்தாராம். கண்ணயர்ந்தால் ஸ்பானர் நழுவி விழும். கயிறு விரலைச் சுண்டி எழுப்பும். வானத்துப் பரணில் அமர்ந்த முதல் காவலர் அவரே எனலாம்.

இத்தளர்ச்சி தனியொருவரின் குறையன்று என்பதை அறிவியல் பின்னர் நிறுவியது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையை நோக்கியிருந்தோர் அடையாளங்களைத் தவறவிட்டதன் காரணத்தை நார்மன் மேக்வொர்த் என்னும் உளவியலறிஞர் ஆராய்ந்தார். படிப்படியாக நகரும் கடிகார முள் எப்போதேனும் ஒருமுறை இருமடங்கு தாவும். அதனைக் கண்டு சொல்லுதலே சோதனை. முதல் அரைமணி கழிந்ததும் கண்டறியும் திறன் குன்றுவதை 1948இல் அவர் வெளியிட்டார். நிகழாததற்காகக் காத்திருக்க மனித மனம் அமைந்ததில்லை.

இதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1972 டிசம்பர் 29ஆம் நாள் இரவு அமெரிக்காவின் மியாமி நகரருகே, ஒரு சிறு விளக்கு எரியாத காரணத்தை ஆராய்வதில் விமானிகள் அனைவரும் ஆழ்ந்திருந்தனர். 2,000 அடி உயரத்தைக் காத்துவந்த தானியங்கியின் பிடி அவர்கள் அறியாமல் விடுபட்டது. விமானம் மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதிற்று. 101 பேர் மாண்டனர்.

தென்னகத்திற்கு அத்துயரம் வந்தது 1990 பிப்ரவரி 14ஆம் நாள். பம்பாயிலிருந்து 146 பேருடன் பெங்களூரை நெருங்கிய இந்தியன் ஏர்லைன்ஸ் 605 என்ற ஏர்பஸ் ஏ-320 விமானம், சேவைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாதது. வானம் தெளிந்திருந்தது. தரையிறங்கும் வேளையில், வேகத்தைக் காக்கத் தானே விசை கூட்டவேண்டிய அமைப்பு வேறொரு முறையில் இருந்தது. அம்முறையில் இயந்திரங்கள் மிகக் குறைந்த விசையிலேயே ஓடும். 132 நாட்டாக இருக்கவேண்டிய வேகம் 106 நாட்டாகச் சரிந்தது. ஓடுபாதைக்கு ஏறத்தாழ 700 மீட்டர் முன்னதாகக் கோல்ஃப் மைதானத்தில் விமானம் மோதித் தீப்பற்றியது. 92 உயிர்கள் பறிபோயின. அரசு அவ்வகை விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்திவைத்தது.

கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி சிவசங்கர பட் தலைமையிலான விசாரணை, விமானிகள் நிலைமையின் கடுமையை உணர்ந்து உடனே விசையைக் கூட்டத் தவறியதே காரணம் எனக் கண்டது. 400, 300, 200 அடி என்று கருவி குரல் கொடுத்தும் கைகள் உரிய நேரத்தில் முன்செல்லவில்லை. இத்தீர்ப்பு சரியே ஆயினும் முழுமையன்று எனத் தோன்றுகிறது. கருவி பழுதடையவில்லை, இட்ட கட்டளையை அப்படியே நிறைவேற்றியது. எந்தக் கட்டளையை அது நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது என்பதைக் கணந்தோறும் அறிந்திருப்பதே விமானிக்குரிய புதிய கடமை. இறந்த இருவரை மட்டும் நோவது எளிது. அக்கடமையின் அருமையை ஒப்புக்கொள்வதே அவர்களுக்கும் பயணிகளுக்கும் செய்யும் நீதி.

காலப்போக்கில் விமான உலகம் இதனை ஒப்புக்கொண்டது. அதற்குச் சான்று ஒரு சொல் மாற்றம். சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் எண்ணத்தக்கது. இருவருள் விமானத்தைச் செலுத்துபவர் ஒருவர். மற்றவருக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் ‘செலுத்தாத விமானி’ என்பதே. செய்யாததைக் கொண்டு ஒருவருக்குப் பெயரிட்டால், அவர் செய்வது எவர் கண்ணில் படும்? 2003இல் அமெரிக்க விமான நிர்வாகம் தன் வழிகாட்டுதலில் ‘கண்காணிக்கும் விமானி’ என்ற பெயரை ஏற்றது. காவலே ஒரு செயல் என்று ஒரு பெயர் அறிவித்தது. தானியங்கியின் முறை மாறும்போதெல்லாம் அதனை வாய்விட்டுச் சொல்லுதலும் விமானிகளின் ஒழுங்காயிற்று. 2013இல் அதே நிர்வாகம், தக்க வேளைகளில் கையால் செலுத்திப் பழகுமாறும் விமான நிறுவனங்களை அறிவுறுத்தியது.

பரண்மேல் இருப்பவன் குரல் எழுப்புவது பறவைக்காக மட்டுமன்று. தன் உறக்கத்தை ஓட்டவும் அக்குரல் உதவுகிறது. விமானி அறையில் ஒலிக்கும் குரலும் அவ்வகையினதே. கருவிகள் பெருகப் பெருகக் காவலர் குறையலாம். காவலின் பாரம் குறைவதில்லை.