சிற்றூற்றே அருவியாகும்: ஜாவா முதுமொழிகள் உணர்த்தும் நீதி

ஜாவா உழவனுக்கு இரண்டு நாட்காட்டிகள் இருந்தன. ஒன்று பிறையைப் பார்த்தது. மற்றொன்று மண்ணையும் மரத்தையும் பார்த்தது.

மாத்தாரம் அரசின் சுல்தான் அகுங் 1633ஆம் ஆண்டில், ஜாவாவில் வழங்கிய சக ஆண்டுக் கணக்கை ஹிஜ்ரியை ஒத்த சந்திரக் கணக்காக மாற்றியமைத்தார். ஆண்டு எண்ணை மட்டும் 1555 என்றே தொடரவிட்டார். பழையதை அழிக்காமல் புதியதை ஏற்ற பக்குவம் அது. ஆயினும் சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. அதைக்கொண்டு நாற்று நடும் காலத்தைக் கணிக்க இயலாது. உழவுக்குக் கைகொடுத்தது 'பிரனாத்தா மங்சா' எனும் பருவக் கணக்கே. ஜூன் 22 அளவில் தொடங்கும் அக்கணக்கில் 12 பருவங்கள் உண்டு. குறுகிய பருவத்திற்கு 23 நாள்கள். நீண்டதற்கு 43 நாள்கள். இலை உதிர்வதும் சிள்வண்டு ஒலிப்பதும் அதில் அடையாளங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுரகர்த்தா அரசர் ஏழாம் பாகுபுவனா காலத்தில் அது முறைப்படுத்தப்பட்டது.

இவ்வாறு இயற்கையைக் கூர்ந்து நோக்கிய மக்களின் முதுமொழிகளிலும் அந்த நோக்கே தெரிகிறது. 'கிரிவிக்கான் தாதி குரோஜோகன்' என்பர்: சிறு நீர்க்கசிவு பேரருவியாகும். சிறு பிழையை அலட்சியம் செய்யாதே என்பது பொருள். 'மெமாயு ஹாயுனிங் பவனா' என்பது மற்றொன்று: உலகின் அழகை மேலும் அழகாக்குக. உலகம் முன்னரே அழகானது. மனிதன் அதன் உரிமையாளன் அல்லன், பேணுபவன். பூமியை அமானிதமாகக் கருதும் நமக்கு இது அந்நியமான கருத்தன்று.

இம்மொழிகள் வெறும் அலங்காரமல்ல. நடு ஜாவாவின் கெண்டெங் சுண்ணாம்புக் குன்றுகள் மழைநீரை உள்வாங்கி ஊற்றுகளாக வெளிவிடுபவை. அங்குச் சிமெண்ட் ஆலை அமைவதை எதிர்த்து, 2016 ஏப்ரலில் 9 பெண் உழவர்கள் ஜகார்த்தாவில் அதிபர் மாளிகையின் எதிரே தம் பாதங்களைச் சிமெண்டில் பதித்து அமர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆலையின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. 2017 பிப்ரவரியில் மாகாண அரசு புதிய அனுமதி வழங்கியது. அடுத்த மாதமே உழவர்கள் மீண்டும் பாதங்களைச் சிமெண்டில் பதித்தனர்.

ஊற்று வற்றிய பின் முதுமொழியை மனனம் செய்து பயனில்லை. நம் ஊர்க் குளத்தின் கரையில் நின்று, இந்த அமானிதத்தை நாம் எவ்வாறு பேணினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக!