பொதிக்கோப்பு (கணினி விளையாட்டு)

பொதிக்கோப்பு என்பது ஒரு கணினி விளையாட்டுக்குத் தேவையான படங்கள், ஒலிகள், வரைபடங்கள் முதலிய ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஒன்றாகக் கட்டி, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையோடு வைத்திருக்கும் பெருங்கோப்பு. சிறு கோப்புகளைத் தனித்தனியே திறந்து மூடுவதில் வீணாகும் நேரம் இதனால் மிச்சமாகிறது.

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட 'டூம்' விளையாட்டின் 'வாட்' கோப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் 12 பைட்டில் அடையாளக் குறி, உருப்படிகளின் எண்ணிக்கை, அட்டவணை தொடங்கும் இடம் ஆகியவை இருக்கும். அட்டவணையில் ஒவ்வோர் உருப்படிக்கும் 16 பைட்: இருப்பிடத்துக்கு 4, அளவுக்கு 4, பெயருக்கு 8. அவ்வளவுதான், சுருக்கம்கூடக் கிடையாது. மூலக் கோப்பைத் தொடாமல் இன்னொரு வாட் கோப்பை மேலே ஏற்றினால், அதே பெயர் கொண்ட உருப்படிகளின் இடத்தைப் புதியவை பிடித்துக்கொள்ளும். ரசிகர்கள் உருவாக்கிய புதிய கட்டங்கள் பரவியது இந்த வழியில்தான். 1999இல் வந்த 'குவேக் 3 அரீனா' தனி வடிவம் எதையும் தேடவில்லை. அதன் 'பிகே3' கோப்பு, பெயர் மாற்றிய ஸிப் கோப்பே.

பொதி சிறியதாக இருந்தால் போதும் என்பது பாதி உண்மைதான். சுழலும் வன்தட்டில் படிமுனை இடம் மாறவே நேரம் பிடிக்கும் என்பதால், ஒரே தரவை வேண்டுமென்றே பல இடங்களில் நகலெடுத்து வைப்பது வழக்கமாக இருந்தது. 'மார்வெல்'ஸ் ஸ்பைடர்மேன்' விளையாட்டில் சில தரவுத் துண்டுகள் 400 முறை வைக்கப்பட்டிருந்ததாக, பிளேஸ்டேஷன் 5 கருவியை வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் குறிப்பிட்டார். படிமுனையே இல்லாத எஸ்எஸ்டி வந்தபின் இந்த நகல்களுக்கு வேலையில்லை.

இணையம்வழி புதுப்பிப்பு வந்தபோது வேறொரு சிக்கல் முளைத்தது. ஸ்டீம் தளம் கோப்புகளை ஏறத்தாழ 1 மெகாபைட் துண்டுகளாக்கி, மாறிய துண்டுகளை மட்டுமே அனுப்புகிறது. பொதி முழுவதையும் ஒரே வீச்சில் சுருக்கியிருந்தால், ஒரு படம் மாறினாலும் அதற்குப் பின்னுள்ள பைட்டுகள் எல்லாம் மாறிவிடும். உருப்படிகளின் வரிசையைக் கலைத்தாலும் அதே கதிதான். சிறிய திருத்தத்துக்குப் பல ஜிபி இறங்குவது பெரும்பாலும் இதனால்தான், திருத்தத்தின் அளவால் அல்ல. பதிவிறக்கம் சிறியதாக இருந்தாலும், பயனரின் வட்டில் அந்தப் பெரும் பொதியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருப்பதால் நேரமும் காலியிடமும் தேவைப்படுகின்றன.

ஆகவே பொதிகளை ஓரிரு ஜிபிக்குள் பிரித்து வைக்கிறார்கள். அல்லது பழைய பொதியைத் தொடாமல், மாற்றங்களைத் தனிப் பொதியாகச் சேர்க்கிறார்கள். இரண்டாவது வழியில், விளையாட்டு இனி ஒருபோதும் திறக்காத பழைய தரவும் வட்டிலேயே தங்கிவிடுகிறது.