இணைய முகவரிச் சந்தை: வாங்குபவருக்கு என்ன பாதுகாப்பு?

டொரன்டோவுக்கு வடக்கே, தமிழர்கள் கணிசமாக வாழும் மார்க்கம் நகரின் ஒரு பகுதி யூனியன்வில். இங்கு கடை திறக்க விரும்புபவர், கடைக்குத் தேர்ந்த பெயரில் இணைய முகவரி கிடைக்குமா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பல வேளைகளில் அது ஏற்கனவே வேறொருவர் வசம், விற்பனைக்கு இருக்கிறது.

சில டாலர்களுக்குப் பதிவு செய்யப்பட்ட முகவரியை ஆயிரக்கணக்கான டாலர்களுக்கு மறுவிற்பனை செய்வது சட்டவிரோதம் அல்ல. ஆனால், அவ்வளவு பணம் கொடுப்பவர் உண்மையில் எதை வாங்குகிறார் என்பதுதான் சிக்கலான கேள்வி.

சொத்தா, ஒப்பந்தமா?

இக்கேள்வி டொரன்டோவிலேயே நீதிமன்றம் வரை சென்றது. அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டூக்கவ்ஸ் நிறுவனம், குடும்பப் பெயர்களைக் கொண்ட 30 ஆயிரத்துக்கும் அதிகமான முகவரிகளை 2006இல் மொத்தமாக வாங்கியது. அவற்றுள் ஒன்றான 'ரென்னர் டாட் காம்' தமது வணிகச் சின்னத்தைக் கொண்டது என்று, பிரேசிலின் லோஜாஸ் ரென்னர் நிறுவனம் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் முறையிட்டது. டூக்கவ்ஸ் ஒன்டாரியோ நீதிமன்றத்தை நாடியது.

இணைய முகவரியும் ஒருவகைச் சொத்தே என்றும், இந்த முகவரி ஒன்டாரியோவில் உள்ள சொத்து என்றும், எனவே வழக்கை அங்கு விசாரிக்கலாம் என்றும் அம்மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

எனினும் இது நிலம் போன்ற சொத்தல்ல. டாட் காம் முகவரியை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே பதிவு செய்ய முடியும். புதுப்பிக்கத் தவறினால் அது கைநழுவும்.

வாங்குபவர் தலையில் விழும் சுமை

முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த தகராறுத் தீர்வு முறையின்படி, மூன்று விஷயங்களை நிரூபிக்கும் வணிகச் சின்ன உரிமையாளர் முகவரியைப் பெறலாம்: பெயர் ஒத்திருப்பது, வைத்திருப்பவருக்கு நியாயமான உரிமை இல்லாதது, தீய நோக்கோடு பதிவு செய்து பயன்படுத்தியது.

மறுவிற்பனையில் வாங்கியவரின் நோக்கம், முதல் பதிவு நடந்த நாளை அன்றி, அவர் வாங்கிய நாளை வைத்தே பொதுவாக எடைபோடப்படுகிறது. அதாவது, முகவரி பழமையானது என்ற விற்பனையாளரின் உறுதிமொழி அவரைக் காக்காது. முகவரி பறிபோனால், கொடுத்த விலையை மீட்டுத்தர இம்முறையில் இடமில்லை.

நம்பிக்கைக்கு நேர்ந்த அடி

ஏல நிறுவனங்களின் நடத்தையும் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. அமெரிக்காவின் ஸ்னாப்நேம்ஸ் நிறுவனத்தில் ஊழியர் ஒருவரே 2005 முதல் புனைபெயரில் ஏலம் கேட்டுவந்தது 2009இல் வெளியானது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

மார்க்கத்தில் இயங்கிய பிராண்டன் கிரே நிறுவனம் தொடர்பான விவகாரம் வேறு வகையானது. புதுப்பித்தல் கட்டண ரசீது போலத் தோன்றிய கடிதங்கள், உண்மையில் முகவரியை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கானவை என்று, அதனுடன் தொடர்புடைய 'டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா' மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2003இல் குற்றம் சாட்டியது. 2014 ஜூலையில் பிராண்டன் கிரேயின் பதிவு அங்கீகாரத்தை ஐகான் 90 நாட்களுக்கு இடைநிறுத்தியது.

காலாவதிக்கு முன் இருமுறையும் பின் ஒருமுறையும் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2013 முதல் நடைமுறையில் உள்ள விதி. ஆனால், நினைவூட்ட வேண்டிய பதிவு நிறுவனமே, காலாவதியான முகவரியை ஏலம்விட்டு வருவாயும் ஈட்டலாம். இத்தொழிலின் அடிப்படை முரண்பாடு இதுவே.

இந்நிலையில் வாங்குபவரின் பாதுகாப்பு பெரும்பாலும் அவர் கையிலேயே இருக்கிறது: வணிகச் சின்னப் பதிவேடுகளைச் சோதிப்பது, முகவரி கைமாறும் வரை பணத்தை நடுநிலையான மூன்றாம் தரப்பிடம் ஒப்படைப்பது, உரிமை குறித்த உத்தரவாதத்தை எழுத்தில் பெறுவது. நீதிமன்றம் சொத்து என்று ஏற்றுவிட்டது. ஆனால் அச்சொத்தை வாங்குபவருக்கு, வீடு வாங்குபவருக்கு உள்ளதுபோன்ற பாதுகாப்பு இன்னும் உருவாகவில்லை.