கொண்டுவிக்கப் போன சீமையும் திரும்பி வந்த வீடும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய ஊர்களை உள்ளடக்கிய செட்டிநாட்டின் வணிகர்களான நகரத்தார், வயிற்றுக்காக உழைப்பதற்கு ஒரு நாட்டையும் மனமார வாழ்வதற்கு வேறொரு நாட்டையும் வைத்துக்கொண்டு, இரண்டில் எதையும் கைவிடாமல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காலம் கழித்தனர். அவர்கள் அதைத் தனிமனிதரின் மனவுறுதிக்கு விட்டுவிடாமல், எழுதப்பட்ட ஒப்பந்தம், கோயில் பதிவு, பொது வீடு ஆகியவற்றால் தாங்கி நிறுத்தினர் என்பதே இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது.

மழை குறைந்து, கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருந்த அந்த நிலத்தில் பெரும்பொருள் ஈட்ட வழியில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இலங்கைக்கும் மலாயாக் கரைக்கும் சென்றிருந்த நகரத்தார், 1852ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனதை அடுத்து இரங்கூனை நாடினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மிய அரிசிக்கு உலகச் சந்தையில் தேவை பெருகியது. 1850களில் 10 லட்சம் ஏக்கர் அளவில் இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் நிலம் 1930 வாக்கில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காடு திருத்திய உழவருக்கு வேண்டிய கடனில் பெரும்பகுதி நகரத்தார் கடைகளிலிருந்தே கிடைத்தது. இவ்வாறு கடல் கடந்து தொழிலுக்குச் செல்வதை அவர்கள் ‘கொண்டுவிக்கப் போவது’ என்றனர். சரக்கைக் கொண்டுபோய் விற்று மீண்ட பழைய வணிகத்தின் நினைவு தங்கிய சொல் அது. சரக்குக்குப் பதிலாகப் பணமே தொழிலான பின்னும், போவது திரும்புவதற்கே என்ற குறிப்பு அச்சொல்லை விட்டு நீங்கவில்லை.

திரும்புவதற்குரிய காலத்தை ஒப்பந்தமே வரையறுத்தது. முதலாளி ஊரில் இருக்க, அவர் பெயரால் கடையை நடத்தச் செல்லும் முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்குக்கு அமர்த்தப்பட்டார். சம்பளத்தில் ஒரு பகுதி குடும்பச் செலவுக்காக முன்பணமாகவே கொடுக்கப்பட்டது. தவணை முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்பி, சில காலம் வீட்டிலிருந்த பிறகே அவர் மீண்டும் புறப்பட்டார். அயல்நாட்டில் அவர் தங்கிய இடம் கிட்டங்கி எனப்பட்டது. நீண்ட கூடத்தில் பல கடைகளின் முகவர்கள் ஆளுக்கொரு கணக்குப் பெட்டியுடன் வரிசையாக அமர்ந்து தொழில் செய்து, இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுத்த பொதுக் கட்டடம் அது. பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாள் என்னும் உதவியாளராகி, பின் முகவராகி, வல்லவர் ஒருவர் தாமே முதலாளியாவதும் உண்டு. தொழிலில் உயர்வதற்கு இத்தனை படிகளை வைத்தவர்கள், தொழில் செய்த இடத்தில் வசதியாக வாழ்வதற்கு எதையும் வைக்கவில்லை. அந்தச் சிக்கனம் ஊர்ப்பற்றின் மறுபக்கமாகவே தோன்றுகிறது.

வசதி முழுவதும் ஊரில் குவிந்தது. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கப்பலில் வந்து, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகளாயின. வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி மணமான மகன்கள் ஒவ்வொருவருக்கும் அறை உண்டு. ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் மணமக்கள் தனியே உலை வைக்கும் வழக்கத்துக்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர். மணமான இணை ஒவ்வொன்றும் ஒரு ‘புள்ளி’யாகக் கருதப்பட்டு, இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களுள் தனக்குரியதில் பதிவு பெற்றது. எனவே ஊர் என்பது உணர்ச்சிக்குரிய இடமாக மட்டும் இருக்கவில்லை. இன்னார் என்று ஒருவரை அறுதியிடும் ஏடும் அங்கேயே இருந்தது.

இந்த இருநாட்டு வாழ்வின் சுமையைப் பெரிதும் தாங்கியவர்கள் ஆச்சிமார் எனப்பட்ட பெண்களே என்பதைச் சொல்லாமல் இவ்வரலாற்றைக் கடப்பது நேர்மையாகாது. கணவர் கடலுக்கு அப்பால் இருந்த ஆண்டுகளில் பிள்ளைகளை வளர்த்து, சடங்குகளை நடத்தி, தம் சீதனப் பணத்தை வட்டிக்குக் கொடுத்துக் கணக்குப் பார்த்து, வீட்டை வீடாக வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆடவர் ‘திரும்பி வந்த’ ஊர், பெண்களின் காத்திருப்பால் ஆனது.

1929–30இல் அமைந்த பர்மா வங்கி விசாரணைக் குழு அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகளையும் 75 கோடி ரூபாய் அளவிலான முதலையும் மதிப்பிட்டது. அடுத்த ஆண்டுகளில் அரிசி விலை சரிந்து உழவர் கடனைத் திருப்ப முடியாமற்போக, ஈடு வைத்த நிலங்கள் கடைகளின் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்களது நிலவுடைமை 1938இல் 25 பங்காக உயர்ந்தது. குடியேற எண்ணாதவர்கள் குடியிருந்தோரின் வயல்களுக்கு உடையவரானார்கள். முதல் பணமாக இருந்தவரை அதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்ப முடிந்தது. நிலத்தை அப்படி எடுத்துவர முடியாது. நிலம் இழந்த பர்மிய உழவருக்கும் அது பிறந்த மண் என்பதால், அவர்களுடைய சினத்தில் நியாயம் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை இரங்கூனைப் பிடித்தபோது நகரத்தார் பலர் உயிர் தப்பி ஊர் சேர்ந்தனர். 1948ஆம் ஆண்டு நிலச் சட்டமும் 1963இன் வங்கி நாட்டுடைமையும் எஞ்சியதையும் முடித்துவைத்தன.

அதன்பின் தொழில் தேடி அவர்களின் பிள்ளைகள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் சென்றபோது, பலர் குடும்பத்தையும் உடன் அழைத்துச் சென்றனர். பங்காளிகள் பலருக்கு உரிமையான வீடுகள் திருமணத்துக்கும் பொங்கலுக்கும் திறக்கப்பட்டு, மற்ற நாட்களில் காவலாள் பொறுப்பில் பூட்டிக் கிடக்கின்றன. பராமரிக்க இயலாமல் பிரிக்கப்பட்ட சில வீடுகளின் தூண்களும் நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. கோயில் ஏட்டில் புள்ளிகள் மட்டும் இன்றும் தவறாமல் பதியப்படுகின்றன.