விட்டி லெவுவின் இரண்டு கரைகள்

ஃபிஜித் தீவுகளைப் பற்றிய சுற்றுலா விளம்பரங்களில் மழை பெய்வதே இல்லை. அது முழுப் பொய்யும் அன்று. பன்னாட்டு விமானங்களில் பெரும்பாலானவை இறங்கும் நாண்டியும், விடுதிகள் நிறைந்த டெனராவும், அங்கிருந்து படகேறிச் செல்லும் மாமனூக்கா, யசாவா தீவுகளும் நாட்டின் வறண்ட மேற்குப் பக்கத்தில் உள்ளவை. தலைநகர் சுவா கிழக்கே இருக்கிறது. அங்கே குடையின்றி யாரும் வெளியே புறப்படுவதில்லை.

தென்கிழக்கிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வீசும் வணிகக் காற்று, முதன்மைத் தீவாகிய விட்டி லெவுவின் நடுவே எழும் மலைகளில் மோதி மேலெழுந்து, ஈரத்தைக் கிழக்கிலேயே கொட்டிவிடுகிறது. மலைகளுள் உயரமான தோமானிவியின் உயரம் 1,324 மீட்டர். சுவாவில் ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். மறுபக்கத்து நாண்டியில் 2,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான புயற்காலத்தில் பெய்துவிடும். இந்த மழை மறைவுப் பகுதியைச் சுற்றுலாத் தொழிலுக்கு நெடுங்காலம் முன்பே கண்டுகொண்டது கரும்பு.

1874 அக்டோபர் 10 அன்று தாக்கொம்பாவும் பிற தலைவர்களும் தீவுகளைப் பிரித்தானிய முடியாட்சிக்கு ஒப்படைத்தனர். அடுத்த ஜனவரியில், சிட்னியிலிருந்து தாக்கொம்பாவையும் அவர் மக்களையும் திருப்பி அழைத்துவந்த போர்க்கப்பலோடு தட்டம்மையும் கரையேறியது. அந்நோயை முன்பின் அறியாத மக்களுள் ஏறத்தாழ 40,000 பேர் சில மாதங்களில் மாண்டனர். மக்கள்தொகையில் அது நான்கில் ஒரு பங்குக்குக் குறையாது. கப்பலைத் தடுத்துவைத்திருந்தால் போதும், தடுத்துவைக்கவில்லை.

இந்தப் பேரழிவின் நடுவே ஆளுநராக வந்த ஆர்தர் கோர்டன், ஃபிஜியரின் நிலத்தை விற்பதைத் தடைசெய்தார். அவர்களைத் தோட்டக் கூலிகளாக இழுப்பதையும் கட்டுப்படுத்தினார். ஆனால் குடியேற்ற நாடு தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்பது லண்டனின் விதி. மொரீஷியஸையும் டிரினிடாடையும் ஆண்டு பழகிய கோர்டனுக்கு விடை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. 1879 மே 14 அன்று கல்கத்தாவிலிருந்து ‘லியோனிடாஸ்’ லெவுகாவை அடைந்தது. 1916 வரை 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தனர். ‘அக்ரிமென்ட்’ அவர்கள் நாவில் ‘கிர்மிட்’ ஆயிற்று. கோர்டனின் கொள்கை ஃபிஜியரைப் பல தீவுகளின் பழங்குடியினருக்கு நேர்ந்த கதியிலிருந்து காத்தது உண்மையே. அக்காவலுக்கான விலையை மற்றொரு கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் செலுத்தினர் என்பதும் உண்மையே.

ஆலைகளின் கதையில் காற்றின் தீர்ப்பு தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் கலோனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி தன் முதல் ஆலையை 1882-இல் ஈரமான கிழக்கில், ரேவா ஆற்றங்கரையிலுள்ள நவுசோரியில் நிறுவியது. கரும்பு வளர மழை வேண்டும். ஆனால் தண்டில் சர்க்கரை ஏற, வெட்டுக்கு முன் சில மாத வறட்சி வேண்டும். நவுசோரியில் அது கிடைக்கவில்லை. மேற்கே பா என்னும் இடத்திலும், வனுவா லெவுவின் வடகரையில் லம்பாசாவிலும் ஆலைகள் எழுந்தன. 1903-இல் லௌதோகா ஆலை அரைக்கத் தொடங்கியது. நவுசோரி ஆலை 1959-இல் மூடப்பட்டது.

லௌதோகா ஆலை தொடங்கிய அதே 1903-இல்தான் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள்சேர்ப்பு தொடங்கியது. வந்த இந்தியருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தென்னாட்டவர். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும். பலர் மேற்குக் கரைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒப்பந்தத்தில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்களுக்கு ஒன்பது பென்ஸ். அளந்துவிட்ட வேலை முடியாதவருக்கு அதுவும் முழுதாகக் கிட்டவில்லை. அப்பெண்களின் துயரைப் பாரதி பாடியது தமிழருக்குத் தெரியும். அவர்கள் நின்ற வயல் எத்தகைய வெயிலில் கிடந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. மழையற்ற மே முதல் அக்டோபர் வரையிலான பருவத்தை இன்று ‘உகந்த காலம்’ என விடுதிகள் விற்கின்றன. கரும்பு வெட்டுக்கும் அதுவே உகந்த காலம்.

1920 ஜனவரி 1 அன்று எஞ்சிய ஒப்பந்தங்கள் நீக்கப்பட்டன. கம்பெனி தோட்டங்களைப் பத்து ஏக்கர் அளவிலான துண்டுகளாக்கிக் குத்தகைக்கு விட்டது. கிர்மிட்டியரின் பிள்ளைகள் உழவராயினர், ஆனால் நிலவுடைமையாளர் ஆகவில்லை. நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பழங்குடிக் குலங்களின் விற்கவியலா உடைமை. பின்னாளில் சட்டம் உறுதிசெய்த முப்பதாண்டுக் குத்தகைகள் 1997-இல் காலாவதியாகத் தொடங்கின. அதே நேரத்தில் வந்த எல் நினோ, பசிபிக்கின் மழை மண்டலத்தை இடம்பெயர்த்து மேற்குக் கரையைக் காயவிட்டது. 1998-இல் கரும்பு விளைச்சல் பெரிதும் சரிந்தது.

குத்தகை புதுப்பிக்கப்படாத குடும்பங்களுட் பல, வீட்டின் தகரத்தையும் மரத்தையும் பிரித்தெடுத்துக்கொண்டு கிழக்கே பெயர்ந்தன. சுவாவுக்கும் நவுசோரிக்கும் இடைப்பட்ட, மழை ஓயாத தாழ்நிலங்களில், பட்டா இல்லாத குடியிருப்புகளில் அவை மீண்டும் வீடு கட்டின.