பெயர்த்தெழுதப் பெற்றதே பிழைத்தது

நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், உறுப்பினர் பலரது உள்ளத்தில் ஒரு வினா எழுந்துள்ளது. இணையத்தளத்தில் வெளியிடும் கவிதைகளைப் பிறர் படியெடுக்க இயலாதவாறு தடுத்தல் வேண்டுமா என்பதே அவ்வினா. தம் பெயரை நீக்கிவிட்டுத் தம் கவிதையைப் பிறர் பரப்பக் கண்ட கவிஞரின் மனக்குறை எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், விடை கூறுமுன் தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது நலம்.

பனையோலை என்றென்றும் நிலைப்பதன்று. செல்லும் ஈரமும் அதனை அரித்துவிடும். ஓலை சிதையுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவதே அக்காலத்தில் நூலைக் காக்கும் வழி. பெயர்த்தெழுத ஆளின்றிக் கிடந்த ஏடுகள் பல ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின.

ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று முழுமையாக இல்லை. எஞ்சியுள்ள செய்யுட்கள் புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும், உரையாசிரியர்களின் மேற்கோள்களிலும் இருந்து கிடைத்தவை. பிறர் எடுத்தெழுதிய பகுதியே பிழைத்தது. எடுத்தெழுதாத பகுதி மறைந்தது. வளையாபதி ஏட்டைத் தம் இளமையில் திருவாவடுதுறை மடத்தில் கண்டதாகவும், பின்னர்த் தேடியபோது அது கிடைக்கவில்லை என்றும் உ.வே. சாமிநாதையர் குறித்துள்ளார். கண்ட அன்றே ஒரு படி எடுக்கப் பெற்றிருப்பின், இன்று அக்காப்பியம் நம்மிடம் இருந்திருக்கும்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் ஐயரைச் சந்தித்த சேலம் இராமசாமி முதலியார், தம்மிடமிருந்த சீவக சிந்தாமணிப் பிரதியை அவரிடம் கொடுத்தார். ஐயர் மேலும் பல ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, 1887இல் அந்நூலை அச்சேற்றினார். பல படிகள் இருந்தமையால் ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக் கொடுத்தது. ஏடுடையோர் யாவரும் தத்தம் பெட்டியைப் பூட்டியிருந்தால் அப்பதிப்பு ஏது?

அச்சுக் காலத்திலும் இவ்வுண்மை மாறவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் படியுள்ள நூலை மீண்டும் பெறலாம். ஒற்றைப் படியாக இருந்த சுவடி சாம்பலானால் அதற்கு மீட்சியில்லை.

பாரதியின் பாடல்களுக்கு உரிமை கோரும் சிக்கல் எழுந்தபோது, தம்மிடமிருந்த ஒலிப்பதிவு உரிமையை ஏ.வி. மெய்யப்பன் விலை பெறாமல் விட்டுக்கொடுத்தார். சென்னை மாகாண அரசு 1949இல் கவிஞரின் படைப்புரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. யார் வேண்டுமானாலும் பாடலாம், அச்சிடலாம் என்றான பின் பாரதியின் பெயர் மங்கிற்றா? நாடெங்கும் ஓங்கிற்று அன்றோ?

இனி இன்றைய பூட்டின் வலிமையை ஆராய்வோம். இணையப் பக்கம் திரையில் தோன்றுமுன்பே அதன் எழுத்து முழுவதும் படிப்பவரது கணினிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. சுட்டியின் வலப்பொத்தானை முடக்கினும், எழுத்தைத் தெரிவு செய்ய இயலாதவாறு செய்யினும், சற்றே பழகியவர் நொடியில் கடந்துவிடுவர். கவிதையைப் படமாக்கி வைத்தாலோ, பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது பெரும்பாலும் எட்டாது. தேடுபொறிக்கும் எளிதில் அகப்படாது. திருடுவோனைத் தடுக்காத பூட்டு, விரும்பிவரும் வாசகனையே தடுக்கிறது. 1990களில் தமிழ்த் தளங்கள் பல தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களைக் கையாண்டன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கங்கள் பொருளற்ற குறிகளாகவே தோன்றின. எவரும் வேண்டிப் பூட்டாத பூட்டே இத்துணைத் தீங்கு செய்தது.

அங்ஙனமாயின் கவிஞனுக்குக் காப்பே இல்லையா? உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நமக்கு வழிகாட்டுகிறது. தன் மின்னூல்களை எவரும் தடையின்றி வழங்கலாம், ஆனால் முகப்புப் பகுதியைச் சிதைக்காமல் வழங்க வேண்டும் என்பது அதன் நெறி. நூற்பெயர், ஆசிரியர் பெயர், தட்டெழுதியோர் பெயர் யாவும் அம்முகப்பில் உள்ளன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 57ஆம் பிரிவும், தன் படைப்பு தன்னுடையதே எனக் கோரும் உரிமையை ஆசிரியனுக்கு அளிக்கிறது. பெயரை நீக்கியவரை அவ்வுரிமை கொண்டு தட்டிக் கேட்கலாம்.

விற்பனைக்குரிய நூலை விலைக்கே விற்போம். அது கவிஞனின் உழைப்புக்கு உரிய ஊதியம். ஆனால் ஊரறியப் பொதுவில் வைத்த கவிதைக்குப் பூட்டு வேண்டா. ஒவ்வொரு கவிதையின் தலைப்பிலும் இறுதியிலும் கவிஞர் பெயரும் வெளியான ஆண்டும் பொறிப்போம். 'படியெடுங்கள், பெயரோடு வழங்குங்கள்' என்று நாமே கேட்டுக்கொள்வோம். நம் வட்டத்தின் தளம் ஒருநாள் மறையக்கூடும். அன்று நம் கவிதைகள் எவரோ ஒருவர் எடுத்து வைத்த படியில்தான் வாழும்.