பழைய தோட்ட லோரி: கதவில் உள்ள பெயர் அழியாமல் சீரமைப்பது எப்படி?

ரப்பர் தோட்டங்களில் ஓடி ஓய்ந்த லோரிகள் இன்றும் சில வீடுகளின் கொல்லையிலும் செம்பனைக் காட்டோரக் கொட்டகைகளிலும் நிற்கின்றன. பாலும் உரமும் ஏற்றிய அதே லோரியில்தான் தோட்டத்து மக்கள் தைப்பூசத்திற்குப் பத்துமலை போய் வந்தார்கள். அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி என்று தேடிப் பிடித்து வாங்கி வருபவர்களும் உண்டு. வாங்கி வந்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, பழைய சாயத்தைச் சுரண்டிவிட்டுப் புதுச்சாயம் அடிப்பது. வண்டி பளபளக்கும். ஆனால் கதவில் கையால் எழுதியிருந்த தோட்டப் பெயர் அதோடு போய்விடும். தோட்டமே துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்ட இடங்களில், அந்தப் பெயர் மிஞ்சியிருப்பது சில வேளை அந்தக் கதவில் மட்டும்தான்.

இங்கு அதிகம் ஓடியவை பிரிட்டிஷ் வண்டிகள். வோக்ஸ்ஹால் நிறுவனம் 1931ஆம் ஆண்டு பெட்ஃபோர்ட் என்ற பெயரில் லோரி தயாரிக்கத் தொடங்கியது. முன்மூக்கு இல்லாத டிகே வகை 1960இல் வந்தது. ஆஸ்டின், கோமர் வண்டிகளும் இருந்தன. கதவு எழுத்தின் காலத்தை ஓரளவு கணிக்க ஒரு வழி உண்டு. மலாய் எழுத்துச் சீர்திருத்தம் நடந்தது 1972இல். நிறுவனம் என்று பொருள்படும் மலாய்ச் சொல், 'எஸ்ஒய்' என்று தொடங்காமல் 'எஸ்எச்' என்று தொடங்கினால், அந்த எழுத்து பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஆகவே எதையும் தொடுமுன் எல்லாப் பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்து ஈயம். அக்காலச் சாயங்களில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களிலும் அடிச்சாயத்திலும், ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் தூசி வீடு முழுவதும் பரவும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். பழைய சாயத்தைக் காப்பாற்றுவதில் உள்ள பெரிய நன்மையே, அந்தத் தூசியைக் கிளப்ப வேண்டியதில்லை என்பதுதான். தேய்த்தே ஆக வேண்டிய இடத்தில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். தகுந்த முகமூடி, கையுறை தேவை. வேலை செய்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

கழுவுவதற்கு மென்மையான தூரிகையும் வீரியம் குறைந்த சோப்பும் போதும். வாகனம் கழுவும் கடையில் அடிக்கும் உயர் அழுத்தத் தண்ணீர், ஏற்கெனவே உரிந்து நிற்கும் சாயத்தைப் பெயர்த்தெடுத்துவிடும். பாசியைக் கொஞ்ச நேரம் ஈரத்தில் ஊறவைத்தால் தானே இளகும்.

கழுவிக் காய்ந்த பிறகு கையால் தடவினால் சுண்ணாம்பு போல ஒட்டும். வெயிலில் மேற்படலம் சிதைந்து பொடியானதால் வருவது அது. அடியில் நல்ல நிறம் பெரும்பாலும் இருக்கும். எந்த வகைச் சாயம் என்று அறிய, இருக்கைக்கு அடியில் மறைவான இடத்தில் பஞ்சில் சிறிது லேக்கர் தின்னரைத் தொட்டுத் துடைத்துப் பார்க்கலாம். நிறம் கரைந்து பஞ்சில் தாராளமாக ஏறினால் அது செல்லுலோஸ் வகை. சுருங்கினால் அல்லது அசையாமல் இருந்தால் எனாமல் வகையாக இருக்கலாம். பிறகு மென்மையான பாலிஷைக் கையால் மட்டும், ஓர் அடி சதுரமாகத் தேய்த்துப் பார்க்க வேண்டும். இயந்திரம் வேண்டாம், மூலைகளிலும் விளிம்புகளிலும் அது நொடியில் இரும்பைக் காட்டிவிடும். கதவு எழுத்தின் மேல் பாலிஷ் போடவே கூடாது. எழுத்துச் சாயம் தனிப் படலம். முதலில் போவது அதுதான்.

தோட்ட லோரிக்கே உரிய துரு ஒன்று உண்டு. பாலை உறைய வைக்கப் பயன்பட்ட ஃபார்மிக் அமிலம் சிந்திய பின்பலகைகளையும், பொட்டாஷ் உரம் ஏற்றிய இடுக்குகளையும் முதலில் பார்க்க வேண்டும். உர உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளிருந்தே அரிக்கும். பலமுறை நல்ல தண்ணீரில் அலசாமல் அதன்மேல் எது பூசினாலும் வீண். மேலோட்டமான துருவுக்கு 0000 எண் ஸ்டீல் வூலை எண்ணெயில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். தகடு ஓட்டையான இடத்தை வெட்டி ஒட்டுப் போடலாம். அங்கு மட்டும் நிறம் சேர்த்தால் போதும், முழு வண்டிக்கும் அடிக்க வேண்டியதில்லை.

கடைசியாக சிலிக்கோன் கலக்காத மெழுகு. சிலிக்கோன் இருந்தால் பின்னர் அங்கு சாயம் ஒட்டாது. சிலர் கொதித்த ஆளி விதை எண்ணெய் பூசுவார்கள். நிறம் உடனே எடுப்பாகத் தெரியும்தான். நாளாக நாளாகக் கறுத்துத் தூசி பிடிக்கும். அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் ஊறவைத்தோ, வெளியில் விரித்துக் காயவைத்தோதான் எறிய வேண்டும்.

எஞ்சின் வேலையைப் பட்டறைக்காரரிடம் விட்டாலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பிரேக் டிரம்மில் உள்ள தூசியில் கல்நார் இருக்கலாம். காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பூட்டு வளையம் உள்ள பழைய ரிம்மில் காற்று அடிக்கும்போது வளையம் தெறித்து ஆளைக் கொல்லும் அளவுக்கு வேகமாக வரும். கூண்டு இல்லாத கடையில் அந்த டயரைக் கொடுக்கவே வேண்டாம்.

சீரமைத்த லோரியைப் பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். கூரையும் காற்றோட்டமும் சிமெண்டுத் தரையும் இருந்தால் போதுமானது. கதவின் அடிப்பகுதியில் உள்ள சிறு வடிதுளைகள் அடைபட்டிருந்தால் குத்தித் திறந்துவிட வேண்டும். கதவுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் அரிக்கத் தொடங்குகின்றன. சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால், சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கிராண்டில் உள்ளதோடு ஒத்திருக்கின்றனவா என்பதைத் துரு எடுக்கும் வேலை தொடங்குமுன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது. தேய்க்கும்போது அந்த எண்கள் மழுங்கிப்போனால், பதிவு விவகாரத்தில் தலைவலி நீளும்.